வீட்டுக்குள் கொடிக்கால்: இதய வடிவ இலைச் செடிகளை வாங்குவதும் வளர்ப்பதும்

"ஹார்ட் ஷேப்ல இலை வர்ற செடி எது இருக்கு?" என்று நர்சரியில் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்ணில் வருவது வெற்றிலைதான். எங்கள் அப்பா மதுரை பக்கத்துச் சோழவந்தானில் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், ஊறவைத்த வாழை நாரைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் பின்னால் போவேன். அகத்தியில் கொடியைச் சேர்த்துக் கட்டுவது என் வேலை. இறுக்கிக் கட்டினால் திட்டு விழும். "அதுக்கு மூச்சு முட்டும்மா, விரல் நுழையுற மாதிரி கட்டு" என்பார். அந்த வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை.

இப்போது நான் இருப்பது சென்னை அம்பத்தூரில், இரண்டாம் மாடி வாடகை வீட்டில். கிழக்கே சின்ன பால்கனி, மேற்கே ஒரு ஜன்னல். 17 தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் 11 தொட்டிகளில் இருப்பது இதய வடிவ இலைதான். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், ஆந்தூரியம், பால்கனியில் வெற்றிலை. இவை எல்லாம் ஒரே குடும்பமும் இல்லை, ஒரே கண்டத்திலிருந்து வந்தவையும் இல்லை. ஆனால் பெரும்பாலானவை வளர்ந்த விதம் ஒன்றே. பெரிய மரங்களின் நிழலில், இலைமக்கு நிறைந்த ஈரமான மண்ணில், எதையாவது பற்றிக்கொண்டு மேலே ஏறிய செடிகள் இவை. அதனால்தான் கொடிக்காலில் கற்றது வீட்டுக்குள்ளும் செல்லுபடியாகிறது. நான் சொல்லப்போவதும் அதுதான்.

எதை வாங்குவது

முதலில், நர்சரியில் அதிகம் குழப்பும் இரண்டு செடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணி பிளான்ட்டும் இதய இலை பிலோடென்ட்ரானும். "அண்ணா, இது ரெண்டுல எது எது?" என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்மா, எது பிடிக்குதோ எடுத்துக்கங்க" என்று பதில் வரும். ஒன்று இல்லை. மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மோரியா தீவு. பிலோடென்ட்ரான் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரையுள்ள காட்டுச் செடி. பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும், பிலோடென்ட்ரான் விலை அதிகம். அதன் விலையைக் கொடுத்து மணி பிளான்ட்டோடு வீட்டுக்கு வரக் கூடாது அல்லவா?

கண்டுபிடிக்க, புது இலை வரும் இடத்தைப் பாருங்கள். மணி பிளான்ட்டில் புது இலை, முந்தைய இலையின் காம்புக்குள்ளிருந்தே சுருட்டிய பாய் மாதிரி வெளியே வரும். அந்தக் காம்பின் மேல்பக்கம் விரலை ஓட்டினால் வாய்க்கால் போல ஒரு பள்ளம் தட்டுப்படும். பிலோடென்ட்ரானில் புது இலைக்கென்று தனியாக ஒரு மெல்லிய உறை இருக்கும். இளஞ்சிவப்பாகவோ வெளிர்பச்சையாகவோ தெரியும் அந்த உறைக்குள்ளிருந்து இலை விரிந்ததும், உறை வெங்காயச் சருகு போலக் காய்ந்து கணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பு உருண்டையாக இருக்கும். இலையைத் தடவினாலும் தெரியும்: மணி பிளான்ட் தடிப்பு, மெழுகு தடவியது போல இருக்கும்; பிலோடென்ட்ரான் கொழுந்து வெற்றிலை மாதிரி மெத்தென்று இருக்கும்.

முதன்முதலாகச் செடி வளர்ப்பவர் என்றால் மணி பிளான்ட்டில் தொடங்குங்கள். அதையும் நர்சரியில் வாங்காமல், தெரிந்தவர் வீட்டிலிருந்து இரண்டு கொடி கேட்டு வாங்குங்கள். திருடி வைத்தால்தான் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. கேட்டு வாங்கினாலும் நன்றாகவே வளரும். உங்கள் தெருவிலேயே இருந்த செடி, உங்கள் தண்ணீருக்கும் வெக்கைக்கும் ஏற்கெனவே பழகியிருக்கும். நர்சரிச் செடிகளில் பல ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களில் பச்சை வலைக்குக் கீழே செழிப்பாக வளர்ந்து, லாரியில் வந்து இறங்கியவை. வீட்டுக்கு வந்ததும் நான்கைந்து இலையைப் பழுக்கவிட்டு நம்மைப் பயமுறுத்தும்.

வீட்டில் வெளிச்சம் கொஞ்சம் குறைவு என்றால் முழுப் பச்சை பிலோடென்ட்ரான். இலையில் மஞ்சள் பட்டை ஓடும் 'பிரேசில்' ரகத்துக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். ஆந்தூரியத்தின் சிவப்பு இதயத்தைப் பூ என்று நினைத்து வாங்குகிறோம். அது பூவைத் தாங்கும் மடல், நிறம் மாறிய ஓர் இலை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில்தான் உண்மையான பூக்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. அந்த மடல் பல வாரங்கள் வாடாமல் நிற்கும். கலேடியம் அழகோ அழகு, ஆனால் குளிர் மாதங்களில் இலையெல்லாம் சாய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கு உள்ளே உறங்குகிறது. தண்ணீரை நிறுத்தி ஓரமாக வைத்தால் வெயில் ஏறியதும் முளைக்கும். நூலில் கோத்த இதயங்கள் போலத் தொங்கும் செரோபீஜியா தென் ஆப்பிரிக்காவின் வறண்ட பாறைப் பகுதிச் செடி. இந்தக் கட்டுரையில் தண்ணீர் பற்றிச் சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது. மண் முழுக்கக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும்.

தடித்த இதய இலைக் கொடியான ஹோயா பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பிப்ரவரியில் சின்ன தொட்டியில் ஒற்றை இலை, கச்சிதமான இதயம், ரிப்பன் கட்டி விற்பார்கள். என் அண்ணன் மகள் ஒரு கடையில் ஆசையாக வாங்கி வந்தாள். "கொடியா வளரும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் தினமும் பார்த்தாள். இலை வாடவும் இல்லை, இன்னொரு இலை வரவும் இல்லை. கடைசியில் நான் மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். இலைக்காம்பில் நல்ல வேர் இருந்தது, கணு இல்லை. கணு இல்லாத இலை எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் கொடியாகாது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் மனதில் இருக்கிறது. வாங்கும்போது தண்டோடு, குறைந்தது இரண்டு இலையாவது இருக்கிற ஹோயாவைக் கேளுங்கள்.

எந்தச் செடியானாலும், பில் போடும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் கவட்டையில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. தொட்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். ஓட்டை வழியாக வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் நல்ல சகுனம். கறுப்பாக, கொழகொழவென்று, சாக்கடை வாடை அடித்தால் அந்தச் செடி வேண்டாம்.

வெளிச்சம்

கொடிக்காலில் முதலில் விதைப்பது வெற்றிலையை அல்ல, அகத்தியை. அகத்தி நிழல் கட்டிய பிறகுதான் கொடி நடுவார்கள். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும்போது அப்பா அகத்தியின் கிளையை ஒடித்து வெளிச்சம் விடுவார். ஆடு மாடுக்குத் தழை, வீட்டுக்கு அகத்திக்கீரை. கோடையில் ஒரு கிளையைக்கூடத் தொடவிட மாட்டார்.

வீட்டில் அகத்தி இல்லை, அதனால் நாம் தொட்டியை நகர்த்த வேண்டும். ஏப்ரல், மே கத்திரி வெயிலில் என் செடிகள் ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளியே இருக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் ஜன்னலை ஒட்டி வந்துவிடும். கிழக்கு ஜன்னல்தான் இவற்றுக்குச் சொர்க்கம். காலை வெயில் 8 மணி வரை நேராகப் பட்டாலும் ஒன்றும் ஆகாது. மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் ஒரே வாரத்தில் இலையை வெளுத்து, நடுவில் காகிதம் போல் பொசுக்கிவிடும். மேற்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலையோ மெல்லிய வெள்ளைத் திரையோ போடுங்கள்.

போதுமான வெளிச்சமா என்று பார்க்க, பகல் 12 மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் இலைமேல் கையை நீட்டுங்கள். ஓரம் மங்கலாக ஒரு நிழல் விழுந்தால் சரி. கத்தியால் வெட்டியது போல் நிழல் விழுந்தால் வெயில் அதிகம். நிழலே தெரியாவிட்டால் அந்த மூலை செடிக்கு இருட்டு. அங்கே வைத்தால் செடி சாகாது, ஆனால் இலைக்கும் இலைக்கும் இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, மஞ்சள் பட்டைகள் மறைந்து பச்சையாகிவிடும். அப்படி ஆன கொடியை, கடைசியாக மஞ்சள் தெரிந்த இலையின் கணு வரை வெட்டிவிட்டு, வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள்.

மண்ணும் தண்ணீரும்

"ஈரம் இருக்கணும், தண்ணி நிக்கக் கூடாது." அப்பா கொடிக்காலைப் பற்றி ஆயிரம் சொல்லியிருக்கிறார், நான் தினமும் பயன்படுத்துவது இந்த ஒன்றைத்தான். கொடிக்காலில் பாத்தி மேடாக இருக்கும், பக்கத்தில் வாய்க்கால் ஓடும். வேர் ஈரத்தைக் குடிக்கும், தண்ணீரில் நிற்காது. வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் சந்துகளெல்லாம் தண்ணீரால் நிரம்பினால் காற்று வெளியேறி, வேர் மூச்சுத் திணறி அழுகும்.

என் கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, பெர்லைட் (பொரி போல லேசான வெள்ளைக் கல்) அரைப் பங்கு. பெர்லைட் கிடைக்காதபோது அடுப்புக்கரியைக் கொண்டைக்கடலை அளவுக்கு உடைத்துப் போட்டிருக்கிறேன். கோகோபீட்டில் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துதான் சேர்ப்பேன். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிஷத்துக்குள் அடியில் சொட்ட வேண்டும். மேலேயே குளம் கட்டி நின்றால் பெர்லைட்டைக் கூட்டுங்கள். தொட்டி இப்போது இருப்பதைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்காதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். ஆள்காட்டி விரல் இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் போகட்டும். காய்ந்திருந்தால் அடியில் சொட்டும்வரை ஊற்றுங்கள். நுனியில் ஈரம் ஒட்டினால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். என் வீட்டில் மே மாதத்தில் இது இரண்டு நாளுக்கு ஒருமுறை, டிசம்பரில் எட்டு நாளுக்கு ஒருமுறை. 2021 நவம்பரில் விடாமல் மழை பெய்த வாரங்களில் நான் கோடைக் கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருந்து, நான்கு வருஷம் வளர்ந்த பிலோடென்ட்ரானை இழந்தேன். இலைகள் தொங்கின. தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினேன். வேர் அழுகினாலும் இலை தொங்கத்தான் செய்யும், தண்ணீரை மேலே அனுப்ப வேர் இல்லையே. இலை தொங்கும்போது மண்ணைத் தொட்டுப் பார்த்தால் போதும், எது என்று தெரிந்துவிடும்.

அப்படி அழுகிய செடியைக் காப்பாற்றலாம், சீக்கிரம் பார்த்தால். மண்ணிலிருந்து எடுத்து வேரைக் கழுவுங்கள். இழுத்தால் தோல் உரிந்து வரும் வேர்களையெல்லாம் வெட்டி எறியுங்கள். தண்டு மெத்தென்று இருந்தால், கெட்டியான பகுதி வரும்வரை மேலேறி வெட்டி, கணுக்களைத் தனித்தனித் துண்டாக்கி வேர்விட வையுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர். உப்பு ஜாஸ்தி. அதையே ஊற்றினால் இலை நுனி காப்பித்தூள் நிறத்தில் காயும், தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. மழைத் தண்ணீர் இன்னும் நல்லது. ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஊற்றாதீர்கள், போர் தண்ணீரின் உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும். சில நாள் விடியற்காலையில் மணி பிளான்ட் இலை நுனியில் ஒரு சொட்டு தொங்கும். தெளித்தது அல்ல. ராத்திரி வேர் இழுத்த தண்ணீர் இலை ஓரத்துத் துளை வழியாக வெளியேறுவது. தினமும் சொட்டினால் மண்ணில் ஈரம் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏறவிடுங்கள்

மணி பிளான்ட்டைத் தொங்கவிட்டால் இலை உள்ளங்கையளவோடு நிற்கும். அதே செடி தோட்டத்துத் தென்னையில் ஏறினால் முறத்தளவு இலை விட்டு, ஓரங்கள் வாழையிலை போல் கிழிந்து நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பற்றிக்கொள்ள ஈரமான பிடிப்பு கிடைத்தால் இந்தக் கொடிகள் இலையைப் பெரிதாக்குகின்றன. தேங்காய் நார் சுற்றிய மாஸ் ஸ்டிக் ஒன்றை, தொட்டி மாற்றும்போதே நடுவில் ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். கணுவில் முளைக்கும் வேர் நாரில் படுமாறு கொடியைச் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை புதிதாக வளர்ந்த பகுதியைக் கட்டுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், தண்டை அறுக்கும். பூக்கடையில் கேட்டால் வாழை நார் கொடுப்பார்கள். தண்ணீரில் நனைத்து, விரல் நுழையும்படி ஒரு முடிச்சு. நாரே மக்கிப் போகும்போது கொடி தானாகப் பிடித்திருக்கும். மாஸ் ஸ்டிக் காய்ந்த குச்சியாக இருந்தால் பயனில்லை. மண்ணுக்கு ஊற்றும்போதே அதன் தலையிலும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

புதுச் செடி உண்டாக்குவதும் கணுவை வைத்துத்தான். கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டி, ஒரு கணு ஓர் இலை கொண்ட துண்டாகத் தண்ணீர் பாட்டிலில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். வெற்றிலைக்கு மட்டும் மூன்று நான்கு கணு உள்ள துண்டாக எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, வேர் பிடிக்கும்வரை நிழலில் வையுங்கள். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேட்கும், மண் காய்வதைத் தாங்காது. அதனால்தான் என் வெற்றிலை கிழக்கு பால்கனியில், அடுப்படியை ஒட்டி, நான் நாளுக்கு நான்கு முறை பார்க்கும் இடத்தில் இருக்கிறது.

பாட்டிலில் வளர்ப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரை முழுதாக மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இது மாதிரி தெளிந்த தண்ணீரில்தான். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

குழந்தை, பூனை இருக்கும் வீடு

இதை நிதானமாகப் படியுங்கள். எதிர்வீட்டுப் பாட்டி மத்தியானம் சாப்பிட்டதும் வெற்றிலை போடுவார். அவருடைய மூன்று வயதுப் பேரன் ஒரு நாள் எங்கள் வரவேற்பறையில் மணி பிளான்ட் இலையைக் கிள்ளி, பாட்டி செய்வது போலவே மடித்து வாயில் போட்டுவிட்டான். அடுத்த நொடி அலறல், எச்சில் ஒழுகியது. வாயைத் துடைத்து, கழுவிவிட்டு, குளிர்ந்த பால் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் அடங்கியது. வெற்றிலை மிளகுக் குடும்பம். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், ஆந்தூரியம், கலேடியம் எல்லாம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். வேகாத கருணை நாக்கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இந்த இலைகளிலும் இருக்கின்றன. உதடோ தொண்டையோ வீங்கினால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இலையை மென்றது பூனையோ நாயோ என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அன்றிலிருந்து என் கொடிகள் எல்லாம் ஐந்தடிக்கு மேல். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வெற்றிலையையும் மணி பிளான்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பதையும் நம்பி வாங்க வேண்டாம். 1989இல் நாசா செய்த ஆய்வு மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. சாதாரண அறையில் ஜன்னல் வழியாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை தேவைப்படும் என்று 2019இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பச்சையாக ஓர் இலை விரிவதைக் காலையில் பார்ப்பது எனக்குப் போதும்.

மற்றவை

உரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், மேல்மண்ணைக் கிளறி. கடலைப் புண்ணாக்கு மொட்டைமாடிக்கு நல்லது. வீட்டுக்குள் நாற்றமும் எறும்பும் வரும். மாவுப்பூச்சி கண்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புத் திரவமும் நன்றாகக் கலக்கி, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். ஒரே தடவையில் நிறுத்தினால் முட்டையிலிருந்து மறுபடி வரும். இலை பளபளக்க எண்ணெய், பால் தடவாதீர்கள். தூசி ஒட்டும். இலைக்கு அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்து, நனைத்த பழைய வேட்டித் துணியால் காம்பிலிருந்து நுனிக்குத் துடைத்தால் போதும். அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாவது வயசானதால், கிள்ளிவிடலாம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நான் செய்வது இது. முதல் நாள் எல்லாத் தொட்டிக்கும் அடியில் சொட்டும்வரை தண்ணீர் ஊற்றி, ஜன்னலிலிருந்து தள்ளி, ஒன்றையொன்று ஒட்டி வைப்பேன். நடுவில் முக்காலி போட்டு ஒரு வாளித் தண்ணீர், கொசு புகாமல் துணியால் வாய் கட்டி. விரல் மொத்தத்தில் முறுக்கிய பருத்தித் திரியை நனைத்து, ஒரு முனை வாளியின் அடிவரை, மறுமுனை மண்ணுக்குள் இரண்டு அங்குலம். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வெற்றிலைக்கும் ஆந்தூரியத்துக்கும் மட்டும்தான் திரி, மற்றவை பத்து நாள் தாங்கும். திரும்பி வந்து பூட்டைத் திறந்ததும் பையை இறக்கிவைத்துவிட்டு, முதலில் வெற்றிலைத் தொட்டியில் விரலை விட்டுப் பார்ப்பேன்.